காலியிடம் ஏன் நிரம்புவதில்லை? அரசு மருத்துவர்கள் கிடைப்பதும் நிலைப்பதும்

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 2,642 உதவி மருத்துவர்களுக்கு மொத்தமாகப் பணி நியமன ஆணை கொடுத்தார்கள். அதற்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வுக்கு, இருந்த இடங்களைப் போலப் பல மடங்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எம்பிபிஎஸ் முடித்தவர்கள் அரசு வேலைக்குப் போட்டி போடுகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் சிறு நகரத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மயக்க மருந்து டாக்டர் இன்னைக்கு இல்லையாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பார்கள். "ஸ்கேன் மிஷின் இருக்கு, பார்க்க ஆள் இல்லை" என்பார்கள்.

இரண்டும் உண்மைதான். வேலை தேடும் டாக்டர்களும் இருக்கிறார்கள், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், "டாக்டர் பற்றாக்குறை" என்று செய்தியில் வரும்போது அதில் எந்தப் பற்றாக்குறையைச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளை வைத்தே இதைப் பார்க்கலாம். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நம் நிலைமை எவ்வளவோ மேல். இவ்வளவு நன்றாக நடக்கும் இடத்திலேயே ஏன் சிக்கல் வருகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது

ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்ற அளவைத்தான் இந்தியாவில் எல்லோரும் சொல்வது வழக்கம். 2024-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, இந்தியாவில் 811 பேருக்கு ஒரு மருத்துவர். அப்படியென்றால் இலக்கைத் தாண்டிவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கில் சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி மருத்துவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பதிவு செய்தவர்களில் 80 சதவீதம் பேர் வேலையில் இருப்பார்கள் என்ற ஓர் அனுமானமும் இருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், அலோபதி மருத்துவர்களாகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறார்கள். ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவர்.

பதிவேடு என்பது வேறு, ஓபியில் உட்கார்ந்திருப்பவர் என்பது வேறு. பதிவு செய்துவிட்டு லண்டனுக்குப் போனவரும் பதிவேட்டில் இருப்பார். 75 வயதில் வீட்டோடு இருப்பவரும் இருப்பார், இறந்துபோனவர் பெயரும் நீக்கப்படாமல் இருக்கலாம். நாடு முழுவதற்குமான ஒரே மருத்துவர் பதிவேட்டைத் தேசிய மருத்துவ ஆணையம் தொடங்கியதே 2024 ஆகஸ்டில்தான். அது ஒழுங்காக நிரம்பும்வரை, இந்த விகிதங்களை ஒரு குத்துமதிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு இடங்களும் வேகமாகக் கூடிவிட்டன. 2014-இல் நாடு முழுவதும் 51,348 எம்பிபிஎஸ் இடங்கள் இருந்தன. 2024-இல் அது 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒட்டுமொத்த எண்ணிக்கையில் நாம் பின்தங்கிப் போய்க்கொண்டிருக்கவில்லை. சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது.

மூன்று எண்கள்

ஓர் அரசு ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர் என்று கேட்டால் மூன்று பதில்கள் உண்டு. அரசு ஒப்புதல் கொடுத்து வைத்திருக்கும் பணியிடங்கள் எத்தனை என்பது ஒன்று. அதில் ஆள் போட்டு நிரப்பியவை எத்தனை என்பது இரண்டாவது. இன்று காலை உண்மையில் அங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது மூன்றாவது.

முதல் எண்ணே பல இடங்களில் பழையது. ஓபி சீட்டு எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருக்கும், படுக்கைகள் கூடியிருக்கும், பணியிடங்கள் மட்டும் எப்போதோ ஒப்புதல் வாங்கிய அதே அளவில் நிற்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இன்னொரு கோணல். ஒரு கல்லூரிக்கு இத்தனை ஆசிரியர்கள் என்று ஆணையம் வகுத்த குறைந்தபட்ச அளவை வைத்துத்தான் அங்கே பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். அது மாணவர்களின் எண்ணிக்கையை வைத்து வந்த அளவு. நோயாளிகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அதில் முழுதாக வராது. 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பணியிடங்களை உருவாக்குங்கள்.

இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பொதுமக்கள் கவனிப்பதே இல்லை. பதிவேட்டில் ஒரு டாக்டர் இந்த ஆஸ்பத்திரியில் இருப்பார், சம்பளமும் இங்கேதான். ஆளை மட்டும் மாற்றுப்பணியில் வேறு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். புதிதாகத் திறந்த கல்லூரிக்கு ஆய்வு வருகிறது என்றால் பழைய கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் அங்கே போக வேண்டியிருக்கும். இன்னொருவர் மேற்படிப்புக்குப் போயிருப்பார், இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் இருப்பார். இந்த இடமெல்லாம் காகிதத்தில் நிரம்பிய இடம். "90 சதவீதப் பணியிடங்கள் நிரப்பப்பட்டுவிட்டன" என்ற அறிக்கையும், "டாக்டரே இல்லை" என்ற நோயாளியின் புலம்பலும் ஒரே நாளில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இரவு இரண்டு மணிக்கு யார் வேண்டும்

எம்பிபிஎஸ் டாக்டர் வேறு, சிறப்பு மருத்துவர் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே உறைக்கிறது என்பதை ஒரு பிரசவத்தை வைத்துப் பார்ப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்பது சமவெளியில் சுமார் 30 ஆயிரம் பேருக்கும், மலைப்பகுதியில் 20 ஆயிரம் பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைவது. அங்கே எம்பிபிஎஸ் டாக்டர் இருப்பார். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் இயங்கவைத்தது தமிழ்நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. சுகப்பிரசவத்துக்கு இது போதும்.

குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே சிசேரியன் செய்தாக வேண்டும் என்றால் இங்கே முடியாது. தாலுகா மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போக வேண்டும். அங்கே அறுவை செய்ய மகப்பேறு மருத்துவர் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாமல் அவரால் கத்தியையே எடுக்க முடியாது. பிறந்த குழந்தை அழவில்லை என்றால் பார்க்கக் குழந்தை மருத்துவர் வேண்டும். ரத்தம் வேண்டும், தியேட்டர் நர்ஸ் வேண்டும். இதில் ஒருவர் குறைந்தாலும் மற்ற எல்லோரும் இருந்து பயனில்லை. ஆம்புலன்ஸ்தான் அடுத்த வழி.

இப்போது சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டாக்டர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரே ஓர் இருக்கையை வாரம் முழுக்கக் காலி விடாமல் வைத்திருக்க மூன்றரை டாக்டர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, கோர்ட் சாட்சி, முகாம் எல்லாவற்றையும் சேர்த்தால் நான்கு அல்லது ஐந்து பேர் வேண்டும். மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை நலம் என்று மூன்று துறைக்குமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர். பல தாலுகா மருத்துவமனைகளில் ஒரு துறைக்கு ஒருவர் இருப்பார், மிஞ்சிப்போனால் இருவர். மீதி நேரம் முழுக்க "ஆன் கால்". அதாவது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டால் ஓடிவர வேண்டும்.

மற்ற மாநிலங்களின் நிலை இன்னும் மோசம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த மேல்நிலையில் இருக்கும் சமுதாய சுகாதார மையம் ஒவ்வொன்றிலும் பொது அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் என நான்கு சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்பது தேசிய அளவிலான விதி. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, தேவைப்பட்ட இந்தச் சிறப்பு மருத்துவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இல்லை. ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்.

ஏன் கிடைப்பதில்லை

எம்பிபிஎஸ் முடித்தவருக்கு அரசு வேலை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. உதவி மருத்துவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி உள்ளிட்ட படிகள். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் எம்பிபிஎஸ் டூட்டி டாக்டருக்கு இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே கூட்டம் வருகிறது.

எம்டி அல்லது எம்எஸ் முடித்த பிறகு நிலைமை தலைகீழ். ரேடியாலஜி படித்தவருக்கோ மயக்க மருந்து படித்தவருக்கோ தனியாரில் கிடைப்பது அரசுச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. பன்னிரண்டாவது முடித்து எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் என்று ஐந்தரை வருடம், அப்புறம் நீட் பிஜி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு ஓரிரு வருடத் தயாரிப்பு, மேற்படிப்பு மூன்று வருடம். முப்பதை நெருங்கும்போதுதான் முதல் முறையாக முழுச் சம்பளத்தைக் கையில் வாங்குவார். கூடப்படித்த இன்ஜினியர் அதற்குள் வீடு வாங்கியிருப்பார். தனியார் கல்லூரியில் படித்திருந்தால் வீட்டை அடமானம் வைத்த கடன் வேறு இருக்கும். இவரிடம் போய் "சேவை மனப்பான்மை இல்லையா?" என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடனை அடைக்க வேண்டியவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்.

ஆனால் பணம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் தவறு. மாவட்டத் தலைநகரில் கிளினிக் வைத்துக்கொண்டு அரசு வேலையும் பார்க்க முடியும் என்றால் வருகிறவர்கள், அதே சம்பளத்துக்கு மலையடிவாரத் தாலுகாவுக்கு வர மாட்டார்கள். எந்த ஊர் கிடைக்கும், எத்தனை வருடம் அங்கே, பிறகு எங்கே என்பது தெளிவாக இல்லாததால் தயங்குபவர்கள் ஏராளம்.

கிடைத்தவர் ஏன் நிலைப்பதில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, வந்தவரைத் தக்கவைப்பது வேறு வேலை. அரசு முதல் வேலையைத் தேர்வு, நியமன ஆணை, விழா என்று கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறது. இரண்டாவது வேலைக்கு விழா கிடையாது, அதனால் அது பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒரு தாலுகா மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர்கள் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுப் பணி. கஷ்டம்தான், ஆனால் தாக்குப்பிடிக்கலாம். ஒருவர் மேற்படிப்புக்குப் போகிறார். மாற்று ஆள் வர ஆறு மாதமாகும். இப்போது மீதியிருப்பவருக்கு ஒவ்வோர் இரவும் பணி. காலையில் நூறு பேருக்கு மேல் ஓபி, வாரத்தில் பல சிசேரியன்கள், நடுநிசியில் போன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் லீவ் போட முடியாது, போட்டால் அன்று அந்த ஊரிலேயே மகப்பேறு மருத்துவர் இல்லை. நான்காவது மாதம் அவர் மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கிறார், அல்லது வேலையை விடுகிறார். அதற்குள் அந்த ஆஸ்பத்திரிக்கு "அங்கே போனால் நிம்மதி போச்சு" என்று பெயர் வந்துவிடும். பணியிடம் தேர்ந்தெடுக்கும் அடுத்த கவுன்சலிங்கில் அந்த ஊரை யாரும் எடுப்பதில்லை. பின்னல் துணியில் ஓர் இழை விட்டுப்போனால் பக்கத்து இழைகளும் வரிசையாகக் கழன்றுவருவதைப் போல, ஒரு காலியிடம் அடுத்த காலியிடத்தை உண்டாக்குகிறது.

மகப்பேறு மருத்துவர் போனால் மயக்க மருந்து டாக்டருக்கு அங்கே வேலை குறைகிறது. அவரையும் மாற்றுப்பணியில் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு எலும்பு முறிவு அறுவையும் நின்றுபோகிறது. புது தியேட்டர் கட்டி, மானிட்டர் வாங்கி வைத்தது எல்லாம் பூட்டிக் கிடக்கும். கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் கண்ணுக்குத் தெரிகிறது, வேலைப்பளுவைப் பகிர இரண்டாவது ஆள் வேண்டும் என்ற தேவை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. கணவன் மனைவி இருவரும் டாக்டர்களாக இருப்பது இன்று சாதாரணம், இருவருக்கும் ஒரே ஊரில் பணியிடம் கிடைப்பது அபூர்வம். குவார்ட்டர்ஸ் இருந்தால் ஒழுகும், அல்லது இருக்கவே இருக்காது. பதவி உயர்வு தாமதமாகும். 2009-இல் வந்த அரசாணை 354 குறிப்பிட்ட பணிக்காலம் முடிந்ததும் ஊதிய உயர்வு தருவதற்கான ஏற்பாடு. அதைக் காலத்துக்கேற்பத் திருத்தி அமல்படுத்துங்கள் என்பதுதான் 2019 போராட்டத்தின் முதல் கோரிக்கை. இவ்வளவு வருடமாகியும் அந்த எண்ணைச் சொல்லாமல் அரசு மருத்துவர் சங்கக் கூட்டம் எதுவும் முடிவதில்லை.

அப்புறம் பயம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவமனை வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் இரவு முழுக்க தனியாக டூட்டி பார்க்கும் டாக்டருக்குச் சட்டத்தைவிட வாசலில் ஒரு காவலாளி முக்கியம். இந்த இடத்திலும் ஆள் பற்றாக்குறைதான் தீயை மூட்டுகிறது. டாக்டர் இல்லாமல் மூன்று மணி நேரம் காத்திருந்த குடும்பத்தின் கோபம், கடைசியில் அங்கே இருக்கும் ஒரே டாக்டர் மேல்தான் இறங்கும்.

புதிய கல்லூரிகளையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, ராமநாதபுரம், அரியலூர் உட்பட 11 ஊர்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அரசுக் கல்லூரிகள் 36 ஆயின. பின்தங்கிய மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி வருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்கு ஓட வேண்டிய தூரத்தை நினைத்தாலே அதன் அருமை தெரியும். ஆனால் 11 கல்லூரிக்கும் பேராசிரியர் வேண்டும். பேராசிரியரைத் தேர்வு நடத்தி ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது, பத்துப் பதினைந்து வருட அனுபவம் வேண்டும். அவர்கள் பழைய கல்லூரிகளிலிருந்தும் மாவட்ட மருத்துவமனைகளிலிருந்தும்தான் வர முடியும். கல்லூரிகளில் ஆசிரியர் குறைவு என்று தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது இப்போது வழக்கமான செய்தியாகிவிட்டது.

தமிழ்நாட்டின் கைவசம் இருந்த துருப்புச்சீட்டு

இவ்வளவு சிக்கல் இருந்தும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்கள் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் "சர்வீஸ் பிஜி". எம்டி, எம்எஸ் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. கிராமத்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தால், சம்பளத்தோடு மேற்படிப்பு படிக்க ஒரு வழி திறக்கும். முடித்ததும் அரசு மருத்துவமனைக்கே சிறப்பு மருத்துவராகத் திரும்ப வேண்டும். டாக்டருக்குப் படிப்பு, கிராமத்துக்கு டாக்டர், பின்னால் மாவட்டத்துக்குச் சிறப்பு மருத்துவர் என்று மூன்று காரியம் ஒரே ஏற்பாட்டில் நடந்தது.

இளம் டாக்டருக்கு மேற்படிப்பு எவ்வளவு பெரிய கனவு என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியாது. வெறும் எம்பிபிஎஸ் என்றால் இன்று உறவினர்களே "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்று கேட்கும் காலம். மாதம் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட ஒரு பிஜி இடம் அவரைக் கிராமத்தில் உறுதியாக நிறுத்தும்.

2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பட்ட மேற்படிப்பில் இப்படித் தனி ஒதுக்கீடு கூடாது, எட்டாத ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் ஏற்பாடும் அதோடு ஆட்டம் கண்டது. 2017 கோடையில் அரசு மருத்துவர்கள் மாநிலம் முழுக்கப் போராடினார்கள். சட்டப் போராட்டமும் நடந்தது. கடைசியில் தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, எம்டி, எம்எஸ்ஸுக்கு அடுத்துப் படிக்கும் உயர் சிறப்புப் படிப்புகளிலும் 50 சதவீதம் ஒதுக்கித் தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் அரசாணை போட்டது. நடுவில் போன நான்கு வருடங்களில் எத்தனை இளம் டாக்டர்கள் "இனி இங்கே இருந்து என்ன பயன்" என்று கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. படிக்கப் போனவரின் இடத்தில் மூன்று வருடம் யார் இருப்பது என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், மேலே சொன்ன இழை கழலும் கதை அங்கே தொடங்கும். படித்துத் திரும்பியவரை அவர் படித்த துறைக்குத் தக்க ஆஸ்பத்திரியில் போடுவதும் முக்கியம். மயக்க மருந்து படித்தவரைத் தியேட்டரே இல்லாத இடத்தில் போட்டால், அவரும் வீண், இடமும் வீண்.

மற்ற வழிகள்

பாண்ட் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் மேற்படிப்பு படித்தால், முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் படித்தவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பாண்ட் ஆளைக் கொண்டுவரும், நிறுத்தாது. நாள் எண்ணிக்கொண்டு இருப்பவர், கடைசி நாளன்று பெட்டியோடு கிளம்புவார். பாண்டில் வருகிறவர்களை நம்பி மட்டும் ஓர் ஆஸ்பத்திரியை நடத்தினால், ஒவ்வொரு வருடமும் புதிய முகங்கள், புதிதாகத் தொடக்கம்.

தாய்லாந்து 1970களிலேயே இளம் டாக்டர்களுக்கு மூன்று வருடக் கட்டாய அரசுப் பணியைக் கொண்டுவந்தது. அது மட்டும் போதவில்லை என்று தெரிந்ததும், 1990களின் நடுவில் வேறொரு திட்டத்தைச் சேர்த்தது. கிராமப்புற மாணவர்களையே தேர்ந்தெடுத்து, கடைசி வருடங்களில் மாகாண மருத்துவமனைகளில் பயிற்சி கொடுத்து, சொந்தப் பகுதிக்கே அனுப்பினார்கள். கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இது பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்தப் பரிந்துரை இருக்கிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் தமிழ்நாடு கொடுத்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு சமூக நீதிக்கு மட்டுமல்ல, நாளைய தாலுகா ஆஸ்பத்திரிக்கும் செய்த முதலீடு என்பது என் கருத்து. வேலூர் சிஎம்சியில் மிஷன் மருத்துவமனைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள், படித்து முடித்ததும் அந்த மிஷன் மருத்துவமனைகளுக்கே போய் இரண்டு வருடம் வேலை பார்க்கும் வழக்கமும் நீண்ட காலமாக இருக்கிறது.

இருக்கும் டாக்டரின் திறமையைக் கூட்டுவது இன்னொரு வழி. எம்பிபிஎஸ் டாக்டர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவ அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தயார்படுத்தும் தேசியத் திட்டம் உண்டு. சத்தீஸ்கர் மாநிலம் எந்த ஊர் எவ்வளவு கடினம் என்று ஆஸ்பத்திரிகளை வகைப்படுத்தி, கடினத்துக்கு ஏற்பக் கூடுதல் பணம் கொடுத்துப் பார்த்தது. மலையூருக்கும் மாவட்டத் தலைநகருக்கும் ஒரே சம்பளம் என்பதைவிட இது நேர்மையான ஏற்பாடு.

எல்லாவற்றையும் மீறி டாக்டர்கள் நிலைத்த இடங்களும் நம்மிடம் உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்டிலிங்கிக்கு 1993-இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதியர் வந்தார்கள். குடிசையில் தொடங்கியது, இன்று அறுவை அரங்கோடு கூடிய மருத்துவமனை. கணவர் மயக்க மருந்து நிபுணர், மனைவி மகப்பேறு மருத்துவர். மேலே பார்த்த அந்தச் சிசேரியன் கணக்கில் இரண்டு இடங்கள் ஒரே வீட்டில் நிரம்பிவிட்டன. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் எங்கேயும் மாறுதல் கேட்டுப் போகப் போவதில்லை. எல்லா டாக்டரிடமும் இந்த அர்ப்பணிப்பை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் தம்பதியரை ஒரே இடத்தில் போடுவது, உள்ளூர் ஆட்களைப் பணியில் சேர்ப்பது, ஒருவரைத் தனியாக விடாமல் குழுவாக அனுப்புவது ஆகிய மூன்றையும் எந்த அரசும் உத்தரவு போட்டே செய்யலாம்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றித் தெரிந்துகொள்ள

"ஆயிரம் டாக்டர்கள் நியமனம்" என்று அடுத்த முறை செய்தி வந்தால் சில கேள்விகளை மனதில் வையுங்கள். பொது மருத்துவர்களா, சிறப்பு மருத்துவர்களா? நிரந்தரமா, ஒப்பந்தமா? இவர்கள் வருவதற்கு முந்தைய ஓராண்டில் எத்தனை பேர் ஓய்வு பெற்றார்கள், விலகினார்கள், படிக்கப் போனார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நியமன எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உங்கள் ஊர் நிலவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். தாலுகா மருத்துவமனை என்றால் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கல்லூரி முதல்வருக்கு (டீன்). துறைவாரியாக ஒப்புதல் பெற்ற பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, மாற்றுப்பணியிலும் நீண்ட விடுப்பிலும் மேற்படிப்பிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே, கடந்த மூன்று மாதத்தில் மயக்க மருந்து மருத்துவர் இல்லாமல் இரவில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிரசவங்கள் எத்தனை என்றும் ஒரு வரி சேருங்கள்.